'அல்லது' வழியாகத் தப்பிக்கும் பாதரசம்

இரும்பு சாரா உலோக ஆலைகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஜூனில் ஒரு ஆவணம் வெளியிட்டது. செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம் மாதிரி உலோகங்களை எடுக்கும் ஆலைகளின் புகைபோக்கியில் எதை, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கணும் என்று அதில் ஒரு நீளமான அட்டவணை இருக்கிறது. பாதரசத்துக்கு நேரே, கால இடைவெளிக்கான கட்டத்தில் உள்ள வாசகத்தின் பொருள் இதுதான்: தொடர்ச்சியாக, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

என் பிழைப்பு சாஃப்ட்வேர். "உங்க சர்வரை எப்படிக் கண்காணிக்கிறீங்க?" என்ற கேள்விக்கு, "நொடிக்கு ஒருமுறை, இல்லேன்னா தீபாவளிக்கு தீபாவளி" என்று ஒருவர் பதில் சொன்னால் அந்த இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிடும். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டத்துக்கு ஒரு அடிக்குறிப்பு உண்டு. உமிழ்வு அதிகமுள்ள மூலங்களில் தொடர்ச்சியான அளவீடு நல்லது, அது முடியாத இடத்தில் அடிக்கடி சோதிக்கலாம் என்கிறது அது. ஆனால் எது 'அதிகம்' என்று எப்படித் தெரியும்? அளந்தால்தானே தெரியும்!

இந்தக் கட்டுரை சென்சார் நல்லதா கெட்டதா என்பது பற்றி இல்லை. பாதரசத்தை அளக்கும் வெவ்வேறு வழிகளை ஒன்றுக்கொன்று மாற்று மாதிரி வரிசையாக அடுக்கி, நடுவில் 'அல்லது' போட்டு எழுதும் பழக்கம்தான் என் பிரச்சினை. அந்த வழிகள் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டால், விட்ட கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

பாதரசம் அங்கே எப்படி வந்தது?

யாரும் கொண்டுபோய்ப் போடவில்லை. தாதுவிலேயே இருக்கிறது. துத்தநாகத் தாது என்பது பெரும்பாலும் துத்தநாக சல்பைடு. கந்தகத்தை விரும்பும் உலோகம் பாதரசமும்; அதனால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். செறிவூட்டிய தாதுவில் டன்னுக்குச் சில கிராம் இருக்கலாம், சில சுரங்கங்களில் 100 கிராமைத் தாண்டலாம். ஆலைக்குள் இந்தத் தாதுவைச் சுமார் 950 டிகிரியில் வறுக்கிறார்கள். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி. மிச்சத்தைச் சொல்லணுமா? அத்தனையும் வாயுவாகிக் கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து குழாய்க்குள் ஓடும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீட்டின்படி, 2015-இல் மனிதச் செயல்பாடுகளால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன். அதில் இரும்பு சாரா உலோக உற்பத்தியின் பங்கு சுமார் 15%. கையால் தங்கம் பிரிப்பவர்களும் நிலக்கரியும் இதற்கு முன்னால் நிற்கிறார்கள். சிமென்ட் இதற்குப் பின்னால்.

ஆலைக்காரர்கள் இந்தப் பாதரசத்தைப் பிடிக்காமல் விட முடியாது. அந்தக் கந்தக வாயுவிலிருந்துதான் கந்தக அமிலம் செய்து விற்கிறார்கள். அமிலத்தில் பாதரசம் இருந்தால் வாங்க ஆள் இல்லை. அதனால் வாயுவைக் கழுவிக் குளிரவைத்து, ஒரு கோபுரத்துக்குள் மெர்க்குரிக் குளோரைடு கரைசலை மழைபோலத் தெளிக்கிறார்கள். நார்வேயின் ஒட்டா ஆலையில் 1970-களில் உருவான முறை இது; போலிடன்-நார்சிங்க் முறை என்று பெயர். பாதரச ஆவி அந்தக் கரைசலோடு சேர்ந்து கேலமல் என்ற வெள்ளைத் தூளாகப் படியும்.

நம்ம சித்த மருத்துவச் சொற்களில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். மெர்க்குரிக் குளோரைடு என்பது வீரம். கேலமல் என்பது பூரம். வீரத்தில் பாதரசத்தைச் சேர்த்தால் பூரம். பல உருக்காலைகளின் மாசுக் கட்டுப்பாடு இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இந்தக் கோபுரத்துக்கு வரும் வாயுவின் வெப்பநிலை முக்கியம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். 30 டிகிரியில் அதுவே 29-ஐத் தாண்டும். அதாவது குளிர்விப்பான் சொதப்பி வெறும் 10 டிகிரி ஏறினால், வாயு சுமந்துவரக்கூடிய பாதரசம் இரண்டு மடங்குக்கு மேல். ஐரோப்பிய ஆவணம் சொல்லும் உமிழ்வு அளவோ கன மீட்டருக்கு 0.01 முதல் 0.05 மில்லிகிராம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு பம்ப் பழுதானாலோ, ஒரு கோடை மதியத்தில் குளிர்விப்பான் திணறினாலோ நிலைமை எவ்வளவு வேகமாக மாறும் என்று புரியும்.

சென்சார் என்ன செய்கிறது?

பாதரச அணு 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை விழுங்கும். விழுங்கிய ஒளியைத் திரும்ப உமிழவும் செய்யும். விழுங்கியது எவ்வளவு என்று பார்ப்பது ஒரு வகைக் கருவி, உமிழ்ந்தது எவ்வளவு என்று பார்ப்பது இன்னொரு வகை. கேட்க எளிமையாக இருக்கும். உருக்காலைப் புகையில்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

முதல் தலைவலி, கந்தக டை ஆக்சைடும் அதே அலைநீளப் பகுதியில் ஒளியை விழுங்கும். கருவி அதைப் பாதரசம் என்று எண்ணாமல் இருக்க, காந்தப்புலத்தில் நிறமாலைக் கோட்டைப் பிரிக்கும் சீமன் விளைவு போன்ற உத்திகள் வேணும். இரண்டாவது வகைக் கருவியில், காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாதரசத்தின் ஒளிர்வை மங்கச் செய்யும். அதனால் பாதரசத்தை முதலில் தங்கப் பூச்சில் பிடித்து, பிறகு சூடாக்கி, ஆர்கான் வாயுவில் தள்ளி அளப்பார்கள். ஆமாம், தங்க ஆலையின் பாதரசத்தை அளக்கவும் தங்கம்தான் பொறி.

இன்னொரு தலைவலி, புகையில் பாதரசம் ஒரே வடிவத்தில் இருக்காது. உலோக ஆவியாகவும் இருக்கும், குளோரைடாகவும் இருக்கும். குளோரைடு வடிவம் இந்த ஒளிக்கு அகப்படாது. அதைச் சூடாக்கி உலோக ஆவியாக மாற்றித்தான் அளக்கணும். அதுக்குள்ளே அது மாதிரிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்று ஒட்டியது நாளைக்குக் கழன்று வரும். கருவி நேற்றைய பாதரசத்தை இன்றைய கணக்கில் காட்டும்.

கடைசியாக ஒன்று, என் மாதிரி ஆட்களுக்குப் பிடித்த வகை. இந்தக் கருவிகளை அளவுதிருத்தம் செய்ய, குறிப்பிட்ட வெப்பநிலையில் பாதரச ஆவி எவ்வளவு இருக்கும் என்ற சூத்திரம் தேவை. நீண்ட காலம் பலர் பயன்படுத்தியது டூமாரே சூத்திரம். ஹூபர் சூத்திரம் என்று இன்னொன்று உண்டு. அறை வெப்பநிலையில் இரண்டுக்கும் சுமார் 7% வித்தியாசம். கருவி ஒன்றுதான், புகை ஒன்றுதான். நிரலில் எந்த மாறிலியை எழுதினீங்க என்பதைப் பொறுத்து உமிழ்வு 7% கூடும் அல்லது குறையும். மேலே நான் சொன்ன 13 மில்லிகிராம்கூட டூமாரே கணக்குத்தான். ஹூபர்படி அது 14-ஐ ஒட்டி வரும். அறிக்கையில் எண்ணை அச்சடிப்பவர்கள் சூத்திரத்தின் பெயரையும் அச்சடிக்கணும் என்பது என் கட்சி.

இத்தனை சிக்கல் இருப்பதால்தான் சிலர் எளிய வழிக்குப் போகிறார்கள். அயோடின் போன்ற பொருள் ஏற்றிய கரித்தூளைச் சிறு குழாயில் அடைத்து, புகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியே இழுத்து, சில நாள் கழித்து ஆய்வகத்தில் கரியைச் சோதிப்பது. ஜோடியாக இரண்டு குழாய் வைக்கணும். இரண்டின் விடையும் ஒத்துப்போகலேன்னா அந்தச் சோதனை செல்லாது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. எந்த நிமிடத்தில் எகிறியது என்று சொல்லாது, ஆனால் அந்த வாரத்து மொத்தத்தை ஒளிக்க விடாது.

ஆண்டுக்கு மூன்று மணி நேரம்

ஆண்டுச் சோதனை என்றால் என்ன? புகைபோக்கியில் குழாயை நுழைத்து மூன்று முறை மாதிரி எடுத்து, சராசரி போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 3. சதவீதத்தில் 0.03.

கற்பனையாக ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். 98% நேரம் ஒழுங்காக ஓடுகிறது, உமிழ்வு 1 அலகு. மிச்ச 2% நேரம், அதாவது ஆண்டில் சுமார் 175 மணி நேரம், கோபுரமோ குளிர்விப்பானோ சொதப்பி 50 அலகு போகிறது. கணக்குப் போட்டால் உண்மையான சராசரி 1.98. ஆண்டின் மொத்தப் பாதரசத்தில் பாதிக்கு மேல் அந்த 175 மணி நேரத்தில் போயிருக்கும். இப்போ ஏதோ மூன்று மணி நேரத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், சொதப்பிய நேரம் ஒன்றுகூட மாட்டாமல் தப்ப வாய்ப்பு 94%. அறிக்கையில் 1 என்று வரும். பொய் சொல்லவில்லை, திருடவில்லை, அளந்ததைத்தான் எழுதினார்கள். ஆனாலும் பாதி காணோம்.

நிஜத்தில் குலுக்கல்கூடக் கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் பொதுவாக இப்படிப்பட்ட சோதனைக்கு 60 நாள் முன்னதாகவே தேதியைத் தெரிவிக்கணும். வழக்கமான இயக்க நிலையில் சோதிக்கணும். இரண்டுக்கும் நியாயமான காரணம் உண்டு: அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கணும், ஆலையின் இயல்பான முகம் தெரியணும். ஆனால் சொதப்பும் நேரம் அந்த முகத்தில் இருக்காது.

நெவாடாவில் நடந்தது

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சாட்சி. அங்கே தங்கத் தாதுவிலேயே பாதரசம் கலந்திருக்கும். தாதுவை வறுக்கும்போதும், பிறகு தங்கத்தைப் பிரித்துச் சுத்திகரிக்கும்போதும் அது ஆவியாகும். அமெரிக்காவின் நச்சு வெளியீட்டுப் பதிவேட்டில் உலோகச் சுரங்கங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1998-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் வந்தது. அந்தக் கணக்கு 2000-இல் வெளியானபோது, நெவாடாவின் தங்கச் சுரங்கங்கள் நாட்டின் பெரிய பாதரச உமிழ்வாளர்கள் வரிசையில் வந்து நின்றன. அதற்கு முந்தைய வருடங்களிலும் அந்தப் பாதரசம் போய்க்கொண்டுதான் இருந்தது. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

2002-இல் நான்கு நிறுவனங்களோடு தன்னார்வக் குறைப்புத் திட்டம் வந்தது. 2006-இல் மாநிலம் அதைக் கட்டாயமாக்கியது. 2008 மார்ச்சில், பாதரசக் கட்டுப்பாடு தொடர்பாக ஜெரிட் கேன்யன் ஆலையை நிறுத்தச் சொல்லி மாநிலச் சுற்றுச்சூழல் துறை உத்தரவிட்டது. 2010 டிசம்பரில் கூட்டாட்சி விதி வந்தது: ஏற்கெனவே இயங்கும் வறுப்பு உலை போன்றவற்றுக்கு, ஒரு மில்லியன் டன் தாதுவுக்கு 127 பவுண்டு பாதரசம், அதாவது சுமார் 58 கிலோ, என்று வரம்பு.

அந்தப் பதிவேட்டில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு குறியீடு. தொடர்ச்சியாக அளந்ததா, அவ்வப்போது அளந்ததா, நிறைச் சமநிலைக் கணக்கா, உமிழ்வுக் காரணியால் பெருக்கியதா என்பதை அது சொல்லிவிடும். பதிவேட்டுக்காகப் புதிதாக அளக்கணும் என்ற கட்டாயம் கிடையாது. கையில் உள்ள நல்ல தகவலை வைத்து மதிப்பிடலாம். செய்திகளில் எண் மட்டும் வருகிறது, குறியீடு வருவதில்லை. 'இந்த ஆண்டு உமிழ்வு பாதியாகக் குறைந்தது' என்ற தலைப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அந்தக் குறியீட்டைத்தான். குறைந்தது புகையா, கணக்குப் போடும் முறை மாறியதா?

2010 விதியில் பாராட்ட வேண்டியவை உண்டு. சோதனையை அடிக்கடி செய்யாத நாட்களில் கோபுரத்தின் வெப்பநிலை, கரைசல் ஓட்டம் போன்றவற்றைக் கண்காணிக்கச் சொல்வது புத்திசாலித்தனம். இந்த எண்கள் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் ஏற்கெனவே நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வரம்பு ஒரு விகிதமாக இருப்பது எனக்கு உறுத்துகிறது. தாதுவை இரண்டு மடங்கு வறுத்தால் இரண்டு மடங்கு பாதரசம் விடலாம். மீனுக்கு விகிதம் தெரியாது.

மீன் என்று சும்மா சொல்லவில்லை. நெவாடாவுக்கு வடக்கே ஐடஹோ மாநிலத்தில் சால்மன் ஃபால்ஸ் க்ரீக் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே பிடிக்கும் மீனைக் குறைவாகச் சாப்பிடுங்கள் என்று பாதரச எச்சரிக்கை உண்டு. அந்தப் பாதரசம் நெவாடாவின் உலைகளிலிருந்து காற்றில் வந்ததா, வேறெங்கிருந்தாவதா என்று வருடக்கணக்காக விவாதம் நடந்தது. பாதரசம் காற்றில் மாதக்கணக்கில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். அதனால் சுலபமாகக் கைகாட்ட முடியாது. எந்த வாரம் எவ்வளவு போனது என்ற பதிவு புகைபோக்கியில் இருந்திருந்தால், காற்றுத் திசையோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது முடிந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வழக்கும் போட முடியாது, குற்றமற்றவர் என்று நிரூபிக்கவும் முடியாது. அளக்காததன் விலையைக் கரையில் தூண்டில் போடுகிறவர் கட்டுகிறார்.

சரி, தொடர் சென்சார் மாட்டினால் போதுமா?

போதாது. இங்கேதான் 'அல்லது' இன்னொரு முறை வில்லனாக வருகிறது. மினமாட்டா உடன்படிக்கையின் வழிகாட்டி ஆவணம் அளவீட்டு முறைகளை விளக்கும்போது, நேரடி அளவீடு ஒரு பக்கம், நிறைச் சமநிலை போன்ற மறைமுக முறைகள் இன்னொரு பக்கம் என்று வகை பிரிக்கிறது. படிக்கிறவர் இதைக் கடைப் பட்டியல் மாதிரி எடுத்துக்கொள்வார்: ஏதாவது ஒன்றை வாங்கினால் போதும்.

ஒரு கற்பனைத் துத்தநாக ஆலை. ஆண்டுக்கு 5 லட்சம் டன் செறிவூட்டிய தாது, டன்னுக்கு 50 கிராம் பாதரசம். உள்ளே வருவது 25 டன். புகைபோக்கியில் மணிக்கு 1 லட்சம் கன மீட்டர் வாயு, 8,000 மணி நேரம், வரம்பான 0.05 மில்லிகிராமிலேயே ஓடுகிறது என்றால் வெளியே போவது 40 கிலோ. உள்ளே வந்ததில் 0.16%.

இப்போ நிறைச் சமநிலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? தாதுவின் பாதரச அளவில் 5% பிழை என்பது மிகச் சாதாரணம். அதுவே 1,250 கிலோ. அந்தப் பிழைக்குள் 40 கிலோ என்ன, அதைப் போல முப்பது மடங்கு ஒளிந்துகொள்ளும். ஆகவே சமநிலைக் கணக்கை வைத்துப் புகைபோக்கியைக் காவல் காக்க முடியாது.

திருப்பிப் பார்ப்போம். புகைபோக்கி சென்சாரை மட்டும் நம்பினால், அது 40 கிலோவைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் 24,960 கிலோ எங்கே? கேலமலில் இருக்கிறதா, அமிலத்தில் கொஞ்சம் போனதா, கழுவிய நீரின் சேற்றில் இருக்கிறதா, கூரை இடுக்கு வழியாகப் போனதா? சென்சாருக்கு இதெல்லாம் தெரியாது. அதன் வேலை அது இல்லை. நெவாடாவில் கிறிஸ் எக்லி, மே கஸ்டின் முதலானோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புகைபோக்கியே இல்லாத இடங்களிலிருந்தும், அதாவது கழிவுத் தேக்கம், தாதுக் குவியல் போன்ற திறந்த பரப்புகளிலிருந்தும், பாதரசம் ஆவியாவதை அளந்து காட்டியது. எந்தப் புகைபோக்கி சென்சாரும் அதைப் பார்த்திருக்காது.

காவல்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் மாற்று இல்லை. கடைக்கு இருவரும் வேணும்.

நம்ம ஊர்

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. துத்தநாக, செம்பு ஆலைகளுக்கு அதில் கேட்டது துகளும் கந்தக டை ஆக்சைடும். பாதரசம் பட்டியலில் இல்லை. மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 ஜூனில் ஏற்றது. அதன் 8-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே இயங்கும் ஆலைகளுக்கான நடவடிக்கைக்குப் பத்தாண்டு அவகாசம். நமக்கு அது 2028. எந்த நடவடிக்கை என்பதற்கு அங்கேயும் ஒரு தேர்வுப் பட்டியல்தான் இருக்கிறது. இத்தனை நாளுக்கு ஒருமுறை அளந்தே ஆகணும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை எழுத வேண்டியது ஒவ்வொரு நாடும்தான்.

எழுதும்போது கேட்க வேண்டியவை என் பார்வையில் நான்கு. உள்ளே வரும் ஒவ்வொரு தாதுத் தொகுதியிலும் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கணும். தாதுவை எரித்து, ஆவியைத் தங்கத்தில் பிடித்து அளக்கும் மேசைக் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். கோபுரத்தின் வெப்பநிலையையும் கரைசல் ஓட்டத்தையும் ஏற்கெனவே உள்ள பதிவிலிருந்து அப்படியே வாரியத்துக்கு அனுப்பணும். புகைபோக்கியில், விலையுயர்ந்த தொடர் சென்சார் கட்டுப்படியாகாத ஆலைகூட இடைவிடாமல் கரித்தூள் குழாய் வைக்கணும். ஆண்டுக்கு ஒருமுறை, வந்தது எவ்வளவு, கேலமல், அமிலம், சேறு, புகை என்று போனது எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு என்று பிழை எல்லையோடு வெளியிடணும்.

இந்த நான்கில் எதுவுமே புதிய கண்டுபிடிப்பு இல்லை. கடைசியில் சொன்ன 'கணக்கில் வராதது' என்ற வரியை அச்சடிக்கத்தான் யாருக்கும் ஆசை இருக்காது. அதை அச்சடிக்கச் சொல்லாத எந்த விதியையும் நான் பாதி விதி என்றுதான் படிப்பேன். வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும் நாளில், நண்பர்களே, நேராக அட்டவணைக்குப் போங்க. பாதரசம் என்ற வரிசையைத் தேடுங்க. அதற்கு நேரே 'அல்லது' இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அதை எடுத்துவிட்டு 'மற்றும்' போடச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க.